உங்க நாய் நிஜமாவே ‘ஹைப்பரா’? முதல்ல அதோட டைம்டேபிளைப் பாருங்க!

‘செம ஹைப்பர் ப்ரோ, ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டான்!’ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நாய் வளர்ப்பவர்களிடம் பேசினால் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. சோபாவைக் கிழிப்பது, காலிங் பெல் அடித்தால் வீட்டையே ரெண்டாக்குவது, வாக்கிங்கில் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுவது, ‘சிட்’ என்று பத்து முறை சொன்னாலும் வேறு எங்கோ பார்ப்பது... எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஹைப்பர். இப்போது ரீல்ஸ் புண்ணியத்தில் இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது: ‘என் நாய்க்கு ஏடிஹெச்டி இருக்கும்போல!’

சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம்தான். ஆனால், இப்படி முத்திரை குத்தப்பட்ட நாய் அடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள். மொட்டை மாடியில் கட்டப்படுகிறது. பால்கனியில் அடைக்கப்படுகிறது. அடித்துப் பழக்கும் டிரெயினரிடம் போகிறது. கடைசியில், ‘லவ்வபிள் டாக், ஃப்ரீ அடாப்ஷன்’ என்று ஸ்டேட்டஸ் ஆகிறது. அதுவும் நடக்காவிட்டால், கழுத்தில் பெல்ட்டோடு ஏதோ ஒரு பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிடப்படுகிறது. ஒரு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. அதனால்தான் அதைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்களுக்கு அதீதத் துறுதுறுப்பும் கவனச்சிதறலும் ஒரு பிரச்சினையாக வருவது உண்மை. ஆனால், நம்ம ஏரியா வீடுகளில் ‘ஹைப்பர்’ என்று திட்டு வாங்கும் நாய்களில் பலவற்றுக்கு இருப்பது வியாதியே கிடையாது. அவற்றின் நாள் முழுக்கக் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே முடிந்துவிடும். மீதிக்கு டாக்டர் இருக்கிறார்.

நாய்களுக்கும் ஏடிஹெச்டி வருமா?

இது ரீல்ஸ் காலத்துக் கேள்வி இல்லை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் கார்சன் என்ற ஆய்வாளர் 1960, 70-களிலேயே இதைக் கவனித்தார். பழக்கப்படுத்தும் சோதனைகளில் சில நாய்கள் மட்டும் எவ்வளவு நாளானாலும் அடங்கவே இல்லை. அவற்றுக்கு ஆம்ஃபெட்டமைன் வகை மருந்தைக் கொடுத்தபோது, ஊக்க மருந்தால் இன்னும் துள்ள வேண்டிய நாய்கள், மாறாக அமைதியாகின. ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளிடம் டாக்டர்கள் பார்த்த அதே தலைகீழ் விளைவு! இந்த நிலைக்கு ‘ஹைப்பர்கைனசிஸ்’ என்று பெயர். கால்நடை மருத்துவர்கள் இதை அரிதான ஒன்றாகவே கருதுகிறார்கள். ‘அரிதான’ என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2007-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள், குழந்தைகளுக்காகப் பெற்றோர் நிரப்பும் ஏடிஹெச்டி கேள்வித்தாளை நாய்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். மொத்தம் 13 கேள்விகள். கவனம் எளிதில் சிதறுகிறதா, காத்திருக்கத் தெரியுமா, இருந்த இடத்தில் இருக்காமல் எழுந்து போய்விடுகிறதா, அவசரப்பட்டுத் தப்பு செய்கிறதா என்கிற மாதிரி. நிரப்ப வேண்டியவர் நாயை வளர்ப்பவர். அதே புடாபெஸ்ட்டில் 2024-ல் வெளியான புதிய கேள்வித்தாள் இன்னொரு முக்கியமான விஷயத்தையும் சேர்த்தது. நாய் துறுதுறுவென இருக்கிறதா என்பது மட்டும் போதாது, அதனால் அதன் அன்றாட வாழ்க்கையும் உங்கள் வாழ்க்கையும் பாதிக்கப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். துறுதுறுப்பு ஒரு குணம். அது வாழ்க்கையைக் கெடுக்கும்போதுதான் பிரச்சினை.

2021-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 11,000-க்கும் மேற்பட்ட வளர்ப்பு நாய்களைப் பற்றிய பெரிய ஆய்வை வெளியிட்டது. அதில் தெரிந்தவை: இளம் நாய்களிடமும் ஆண் நாய்களிடமும் துறுதுறுப்பு, அவசரம், கவனச்சிதறல் அதிகம். இனத்துக்கு இனம் வித்தியாசமும் இருந்தது. இந்தக் குணங்கள் உள்ள நாய்களிடம் பயம், ஆக்ரோஷம், வாலைத் துரத்திச் சுற்றுவது போன்ற விடாப்பழக்கங்களும் கூடவே காணப்பட்டன.

அதே ஆய்வில் நம்மைக் குத்தும் ஒரு வரியும் இருந்தது. தினமும் அதிக நேரம் வீட்டில் தனியாக விடப்படும் நாய்கள், அப்படி விடப்படாத நாய்களைவிட அதிகத் துறுதுறுப்போடும் கவனமில்லாமலும் இருந்தன. தனிமைதான் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றுதான் சொல்கிறது. ஆனாலும், நம்ம ஊர் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தத் தொடர்பை லேசில் ஒதுக்க முடியாது.

ஆவடியில் ஒரு நாயின் 24 மணி நேரம்

ஆவடியிலோ திருமுல்லைவாயலிலோ வீடு, ஓஎம்ஆரில் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேர ஆபீஸ். மின்சார ரயில், பஸ், ஷேர் ஆட்டோ என்று போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஆக 12 மணி நேரம் போச்சு. தூக்கம் ஏழு மணி நேரம். மிச்சமிருக்கும் ஐந்து மணி நேரத்தில் சமையல், துணி, குளியல், போன், ஓடிடி. இதில் நாய்க்கு எவ்வளவு? ‘ஒண்ணுக்கு’ போய்வர காலையில் பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை என்றால் அந்தப் பத்து நிமிஷமும் வாரத்துக்கு வாரம் நேரம் மாறும்.

வளர்ந்த நாய் ஒரு நாளில் சுமார் 12 முதல் 14 மணி நேரம் தூங்கும். சரி, மீதி பத்து மணி நேரம்? மோப்பம் பிடிக்க, ஓட, கடிக்க, தோண்ட, யாரோடாவது இருக்க என்று உருவான ஒரு மிருகம் அந்தப் பத்து மணி நேரமும் இரண்டு பெட்ரூம் வீட்டின் டைல்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. நீங்கள் சாவியைத் திருப்பும் சத்தம்தான் அதன் ஒரு நாளின் ஒரே நிகழ்ச்சி. அப்போது அது உங்கள்மேல் பாயாமல் என்ன செய்யும்?

லாக்டவுன் காலத்தில் வாங்கப்பட்ட குட்டிகளை நினைத்துப் பாருங்கள். 2020-ல் வீடு முழுக்க ஆட்கள். எப்போது பார்த்தாலும் ஒரு மடி இருந்தது. பிறகு ஒருநாள் எல்லாரும் ஆபீசுக்கும் காலேஜுக்கும் கிளம்பிப் போனார்கள். தனியாக இருக்கப் பழக்கப்படாத நாய், கதவைப் பிறாண்டத் தொடங்கியது. அதையும் ‘ஹைப்பர்’ என்றுதான் சொன்னோம்.

இதில் நாய் வளர்ப்பவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வாக்கிங் கூட்டிப்போனால் தெருமுனையில் தெருநாய்க் கூட்டம் சுற்றி வளைக்கும். மெட்ரோ வேலை நடந்த பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடக்க மனிதர்களுக்கே இடமில்லை. ஏப்ரல், மே மாதத்தில் காலை எட்டு மணிக்கே தார் ரோடு பாதத்தைச் சுடும். ‘லிஃப்ட்ல நாயை ஏத்தாதீங்க’ என்று அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டும். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து வாக்கிங் சுருங்கி, கடைசியில் நின்றே போகிறது.

வயதும் ரத்தமும்

பல ‘ஹைப்பர்’ புகார்கள் வரும் வயதைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை, இரண்டு வயது வரை. அதாவது நாயின் டீன்-ஏஜ். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதை ஆராய்ந்தார்கள். ஐந்து மாதத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட நாய், எட்டு மாதத்தில் தன்னை வளர்ப்பவரின் பேச்சைக் கேட்க மறுத்தது. வேடிக்கை என்னவென்றால், வேற்று ஆள் சொன்னால் கேட்டது! வீட்டில் முறைக்கிற பையன் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் மட்டும் ‘சரிங்க ஆன்ட்டி’ என்பான் இல்லையா, அதே கதை. இந்தக் கட்டம் தானாகக் கடந்துபோகும். ஆனால், நாயைக் கைகழுவ நினைப்பவர்கள் பொறுமை இழப்பதும் இந்த வயதில்தான்.

அடுத்தது இனம். ஹெல்சிங்கி ஆய்வில் ஜெர்மன் ஷெப்பர்ட், பார்டர் கோலி போன்ற வேலைக்கார இனங்களிடம் துறுதுறுப்பும் அதிகம், கூர்ந்து கவனிக்கும் திறனும் அதிகம் என்று தெரிந்தது. சிவாவா, பூடில் போன்றவை அமைதியான பக்கம் இருந்தன. பீகிள், நாள் முழுக்க முயலை மோப்பம் பிடித்துப் போக உருவாக்கப்பட்ட இனம். ஹஸ்கி, பனியில் வண்டி இழுக்க. நம்ம ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயலைத் துரத்தி ஓடியவை. 2020 ஆகஸ்ட் ‘மன் கி பாத்’ உரையில் பிரதமர் சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி, கோம்பை பெயர்களைச் சொன்ன பிறகு நாட்டு இனங்களைப் பற்றிய பேச்சு கூடியது. நல்ல விஷயம்தான். ஆனால், ஓடுவதற்கென்றே பிறந்த நாயை முகப்பேரில் மூன்றாவது மாடியில் வைத்துவிட்டு, ‘ஏன் இப்படி ஓடுது?’ என்று கேட்பது என்ன நியாயம்?

மூன்றாவது, குட்டியை எப்போது தாயிடமிருந்து பிரித்தார்கள் என்பது. 2011-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று 30 முதல் 40 நாளில் பிரிக்கப்பட்ட நாய்களையும், இரண்டு மாதம் கழித்துப் பிரிக்கப்பட்ட நாய்களையும் ஒப்பிட்டது. சீக்கிரம் பிரிக்கப்பட்டவற்றிடம் அளவுக்கு மீறிக் குரைப்பது, பொருட்களை நாசம் செய்வது, எப்போதும் கவனத்தைக் கேட்பது ஆகியவை அதிகம் இருந்தன. கடி எவ்வளவு வலிக்கும், எப்போது விளையாட்டை நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்றுக்கொள்ளும் காலம் அது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. ‘முப்பது நாள் குட்டி, கியூட்டா இருக்கும்’ என்று யாராவது விற்க வந்தால், நீங்கள் வாங்குவது ஒரு எதிர்காலப் பிரச்சினையை.

‘ஹைப்பர்’ மாதிரியே தெரியும் வேறு விஷயங்கள்

டாக்டரிடம் போகாமல் ‘இது ஹைப்பர்தான்’ என்று முடிவு செய்வதில் பெரிய ஆபத்து இதுதான். வலி. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸ் குழுவினர் 2020-ல் எழுதிய கட்டுரையில், நடத்தைப் பிரச்சினை என்று தங்களிடம் வரும் நாய், பூனைகளில் குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒன்றுக்கு ஏதோ ஒரு வலி இருப்பதாகச் சொன்னார்கள். இடுப்பெலும்பு வலி இருக்கும் லாப்ரடாருக்கு ஒரு பக்கமாகப் படுக்க முடியாது. எழும், சுற்றும், மறுபடி படுக்கும். பார்ப்பவருக்கு, ‘சும்மா இருக்க மாட்டேங்குது!’

உண்ணி, தோல் அலர்ஜி, காதுக்குள் சீழ் என்றாலும் இதே நிலைதான். அரிப்பு உள்ள நாய்க்கு ‘ஸ்டே’ என்ற சொல்லில் கவனம் வைக்க முடியாது. கூப்பிட்டால் திரும்பாத நாய்க்குக் காது கேட்காமலும் இருக்கலாம். ஒரே திசையை வெறித்துப் பார்ப்பது, இல்லாத ஈயைக் கடிப்பது போன்றவை வலிப்பின் அறிகுறியாகக்கூட இருக்கலாம்.

பயமும் துறுதுறுப்பு வேஷம் போடும். தீபாவளிப் பட்டாசு, பக்கத்து சைட்டில் டிரில்லிங், மேலே தாழப் பறக்கும் விமானம்... பயந்த நாய் மூலையில் ஒடுங்கும் என்று நினைக்கிறோம். சில நாய்கள் பயத்தில் ஓடும், குரைக்கும், மேலே ஏறும். வால் உள்ளே போயிருக்கிறதா, காது பின்னுக்குப் படிந்திருக்கிறதா, வெயிலில்லாமலே மூச்சு வாங்குகிறதா, வாயை அடிக்கடி நக்குகிறதா என்று பாருங்கள். அது சந்தோஷத் துள்ளல் இல்லை.

ஒரு வாரம், ஒரு நோட்டு: வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆப் எதுவும் வேண்டாம். போனில் இருக்கும் நோட்ஸ் போதும். ஏழு நாள் இதைக் குறித்து வையுங்கள்.

1. தூக்கம்: ஒரு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்குகிறது? வீட்டில் இல்லாதபோது பழைய போனை கேமராவாக வைத்துவிட்டுப் போகலாம். குட்டிகளுக்கு 18 மணி நேரம் வரைகூடத் தேவை. தூக்கம் போதாத குட்டி, தூக்கம் போதாத குழந்தை மாதிரியேதான் ஆட்டம் போடும்.

2. அமைதியான சூழலில் அடங்குகிறதா? நல்ல வாக்கிங், சாப்பாடு முடிந்து, டிவி அணைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் விடுங்கள். அரை மணி நேரத்தில் சுருண்டு படுத்தால் நிம்மதி. எந்தத் தூண்டுதலும் இல்லாத இடத்திலும், எல்லாத் தேவையும் முடிந்த பிறகும், மணிக்கணக்கில் நடந்துகொண்டே இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பழகிப்போகிறதா? காலிங் பெல்லை இடைவெளி விட்டுப் பத்து முறை அடிக்கச் சொல்லுங்கள். யாரும் உள்ளே வர வேண்டாம். சாதாரண நாய் முதல் மூன்று தடவை கத்தும், பிறகு ‘போடா’ என்று விட்டுவிடும். பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே துள்ளினால், வாரம் முழுக்க இப்படியே இருந்தால், அது முக்கியமான அறிகுறி. பெல் சத்தத்துக்கே நடுங்கும் நாயிடம் இந்தச் சோதனை வேண்டாம்.

4. பிடித்த விஷயத்திலாவது கவனம் நிற்கிறதா? வேகவைத்த கோழித் துண்டு கையில் இருக்கும்போது நாய் உங்களையே பார்க்கிறதா? பார்த்தால் அதற்குக் கவனம் இருக்கிறது. உங்கள் ‘சிட்’டில் சுவாரசியம் இல்லை, அவ்வளவுதான். உணவிலும் விளையாட்டிலும்கூட சில நொடிகளுக்கு மேல் மனம் நிற்காமல் தாவினால்தான் கவனப் பிரச்சினை என்று யோசிக்க வேண்டும்.

5. எப்போது, எங்கே? நீங்கள் வந்த பிறகு மட்டுமா, தனியாக இருக்கும்போது மட்டுமா, தெருவில் மட்டுமா, எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலுமா? ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் மட்டும் நடந்தால் காரணமும் அந்த நேரத்திலும் இடத்திலும்தான் இருக்கும்.

6. அதன் நாளில் என்ன இருந்தது? வாக்கிங் எத்தனை நிமிஷம், எத்தனை மணி நேரம் தனிமை, எவ்வளவு நேரம் கட்டிப்போடப்பட்டது? இதை நேர்மையாக எழுதுங்கள். பலருக்கு விடை இந்த ஆறாவது வரியிலேயே கிடைத்துவிடும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு, மூன்று வாரம் ஓட்டம், மோப்பம், ஒழுங்கான தூக்கம் எல்லாம் கொடுத்தும் மாற்றமே இல்லையா? படுத்திருக்கும்போதும் இதயத் துடிப்பும் மூச்சும் வேகமாகவே இருக்கிறதா? நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறதா? வாலையோ காலையோ புண்ணாகும் வரை கடிக்கிறதா? அமைதியாக இருந்த நாய் திடீரென்று மாறிவிட்டதா? உறுமல், கடி ஆரம்பித்துவிட்டதா? இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஏழு நாள் நோட்டையும், போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். கன்சல்டிங் ரூமில் பயந்து ஒடுங்கி நிற்கும் நாயைப் பார்த்து எந்த டாக்டராலும் வீட்டில் நடப்பதை ஊகிக்க முடியாது.

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாதவரம் மருத்துவமனை எட்டும் தூரம். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையும் இருக்கிறது. முதலில் உடல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, வலி, தோல், காது எல்லாம் பார்ப்பார்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் ‘ஹைப்பர்கைனசிஸ்’ பற்றிய பேச்சே வரும். அதை உறுதிசெய்ய, டாக்டரின் கண்காணிப்பில் குறைந்த அளவு ஊக்க மருந்து கொடுத்து, இதயத் துடிப்பும் மூச்சும் குறைகிறதா என்று பார்ப்பது பழைய முறை.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சொந்த வைத்தியம் செய்யக் கூடாது. மனிதர்களுக்கான ஏடிஹெச்டி மாத்திரை நாய்க்கு விஷமாகிவிடும். தவறி விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ‘தூங்கட்டும்’ என்று இருமல் மருந்து, தூக்க மாத்திரை கொடுப்பதும் அதே ரகம்.

பத்து நிமிஷத்தை எப்படிச் செலவழிப்பது?

நேரமே இல்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நாயை ஓடவைத்துக் களைப்பாக்குவதைவிட, மூக்குக்கு வேலை கொடுப்பது சிக்கனம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸும் ஷார்லட் டுராண்டனும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு ஆடிய நாய்கள், குழப்பமான சூழலை முன்பைவிட நம்பிக்கையோடு அணுகின. வெறுமனே கூடவே நடக்கும் பயிற்சி செய்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. எனவே வாக்கிங்கில், ‘வா, வா, லேட் ஆச்சு’ என்று இழுக்காதீர்கள். ஒவ்வொரு கம்பத்தையும் அது படித்து முடிக்கட்டும். நமக்கு நியூஸ் ஃபீட் மாதிரி அதற்கு அந்தக் கம்பம்.

கிண்ணத்தில் சாப்பாடு வைப்பதை நிறுத்துங்கள். பழைய துண்டில் உணவுத் துகள்களைப் போட்டுச் சுருட்டிக் கொடுங்கள். காலி முட்டை அட்டையில் வேகவைத்த கோழியைப் பிய்த்து ஒளித்து வையுங்கள். அட்டையைத் தின்னாமல் பார்த்துக்கொண்டால் போதும். தயிர்சாதம்தான் சாப்பாடு என்றால், ரப்பர் பொம்மைக்குள் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம். வெயில் காலத்தில் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

வாக்கிங் நேரத்தைக் காலை ஆறரைக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும் மாற்றுங்கள். அபார்ட்மென்ட்டில் நான்கு நாய் வீடுகள் இருந்தால், முறைவைத்து மதியம் ஒருவர் போய்ப் பார்க்கலாம். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் மாலையில் துண்டு விளையாட்டை அவர்களிடம் கொடுங்கள். அவர்களுக்கும் பொழுது போகும். இன்னொன்று: நாய் தானாக அமைதியாகப் படுத்திருக்கும்போது ஒரு துண்டு உணவைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். நாம் எப்போதும் துள்ளும்போதுதான் அதைக் கவனிக்கிறோம். பிறகு அது துள்ளத்தானே செய்யும்?

‘நாலு போட்டா அடங்கும்’ என்பவர்களுக்கு ஒரு தகவல். போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த, 2020-ல் வெளியான ஆய்வில், அதட்டல், செயினைச் சுண்டுதல் போன்ற தண்டனை முறைகளை அதிகம் பயன்படுத்திய பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சியின்போது மனஅழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்தன. பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் கூடியிருந்தது. அடிக்குப் பயந்து நிற்கும் நாய் அமைதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஹெல்சிங்கி ஆய்வில் துறுதுறுப்பும் பயமும் ஆக்ரோஷமும் சேர்ந்தே வந்தன என்பதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் நாய்க்கு இன்னும் பயத்தை ஏற்றினால், பலனை அனுபவிப்பது லிஃப்ட்டில் பக்கத்தில் நிற்கும் குழந்தையாகவும் இருக்கலாம்.

சட்டம் 1960-லேயே சொன்னது

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய சம்பவத்துக்குப் பிறகு, சென்னையில் வளர்ப்பு நாய் விதிகள் இறுகின. 2025 இறுதியில் சென்னை மாநகராட்சி உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம் என்பதால் இது அங்கேயும் பொருந்தும். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி.

இந்த விதிகள் தேவைதான். கடிபட்ட குழந்தையின் பெற்றோரிடம் போய் நாயின் மனநிலை பற்றிப் பாடம் எடுக்க முடியாது. ஆனால், நம் விதிகளின் பார்வை எல்லாம் தெருவுக்கு வந்த நாய்மீதுதான் இருக்கிறது. அந்த நாய் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே அதைக் கேட்டுவிட்டது. எப்போதும் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவது, அதன் 11-வது பிரிவின்படி கொடுமை. பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி விலங்கைக் கைவிடுவதும் அதே பிரிவில் குற்றம். முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. உரிமம் இல்லாததற்கு ஐயாயிரம், நாள் முழுக்கக் கட்டிப்போட்டதற்கு ஐம்பது!

உள்ளாட்சிகளுக்கு என் கோரிக்கை எளிமையானது. உரிமம் கேளுங்கள், சிப் போடுங்கள். கூடவே, ஒவ்வொரு மண்டலத்திலும் வேலி போட்ட, செயினைக் கழற்றி நாயை ஓடவிடக்கூடிய ஒரு திடல் கொடுங்கள். பெரிய செலவில்லை. சுற்றுவேலி, இரட்டைக் கதவு, தண்ணீர்க் குழாய், நாய் வளர்க்காதவர்களுக்குத் தொந்தரவில்லாத நேரம் போதும். அசோசியேஷன்களுக்கும் ஒரு வார்த்தை: விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதலின்படி செல்லப்பிராணியே கூடாது என்று நீங்கள் தடை போட முடியாது. லிஃப்ட்டை மூடுவதற்குப் பதில் வாக்கிங் நேரத்தையும் கழிவை அள்ளும் பொறுப்பையும் பேசி முடிவு செய்யுங்கள். அடைபட்ட நாய் குறைந்தால் குரைப்பும் குறையும். அது நாய் பிடிக்காதவர்களுக்கும் லாபம்.

இன்னும் நாய் வாங்காதவர்கள், இனத்தைத் தேடும் முன் உங்கள் டைம்டேபிளை எழுதிப் பாருங்கள். தினமும் ஒரு மணி நேரத்தை அதில் ஒதுக்க முடியவில்லை என்றால், இப்போதைக்கு வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் ஒன்று வாலாட்டிக்கொண்டு இருக்கிறதா? இன்று ராத்திரி வாக்கிங்கில் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, அது நிற்கிற இடத்திலெல்லாம் நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள். நோட்டின் முதல் நாள் கணக்கை அங்கிருந்தே தொடங்கலாம்.